நிலவரம் லேசு

அந்தப் போர் விமானத் தளத்தில் பறவைகளுக்கென்றே ஒரு குழு இருந்தது. ஒன்பது அதிகாரிகள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை போட்ட அறையில் கூடி, பறவைகளைப் பற்றி இரண்டு மணி நேரம் கவலைப்படுவார்கள். அண்ணாந்து பார்க்கிற பழக்கம் அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் கிடையாது. தினமும் அண்ணாந்து பார்க்கிற ஒரே ஆளை அவர்கள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கேட்டால், "அது அதிகாரிகள் குழு, அவர் அதிகாரி இல்லையே" என்பார்கள். பறவை மட்டும் அதிகாரியா என்று திருப்பிக் கேட்கிறவனுக்கு அந்த மாதிரி இடத்தில் வேலை நிலைக்காது.

அந்த ஒரே ஆளை எல்லாரும் முனைக்காரர் என்பார்கள். ஓடுபாதையின் மேற்கு முனையில், கடைசிக் கட்டிடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதற்குள் ஒரு மேஜை, ஒரு தொலைநோக்கி, சத்தம் மட்டும் போடுகிற ஒரு துப்பாக்கி, ஒரு வயர்லெஸ். நாற்காலியும் ஒன்றுதான். இன்னொரு மனிதர் அங்கே வரக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்ததும் இல்லை. சுவரில் கறுப்பாக ஒரு பழைய போன் தொங்கியது. வயர்லெஸ் வந்தபிறகு அதற்கு வேலை போய்விட்டது. ஆனால் அதைக் கழற்ற எந்தப் பிரிவு மனுப் போடவேண்டும் என்பது முடிவாகாததால் தொங்கிக்கொண்டே இருந்தது. முனைக்காரர் சேர்ந்த பதினோரு வருடத்தில் அது ஒருதடவைகூட அடித்ததில்லை. வாரத்துக்கு ஒருமுறை தூசி துடைப்பார். எடுத்துக் காதில் வைத்தால் உள்ளே 'கொய்ங்' என்று உயிர் இருக்கும்.

வேலை என்று பார்த்தால் மூன்று வார்த்தைதான். மணிக்கொருதரம் வானத்தையும் புல்வெளியையும் பார்த்துவிட்டு, லேசு, நடுத்தரம், கடுமை என்ற மூன்றில் ஒன்றைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லவேண்டும். லேசு என்றால் விமானங்கள் தாராளமாக ஏறலாம், இறங்கலாம். நடுத்தரம் என்றால் பார்த்துப் போகவேண்டும். கடுமை என்றால் பறவைகள் கலைகிற வரைக்கும் ஒன்றும் ஏறக்கூடாது, ஒன்றும் இறங்கக்கூடாது. ஒரு கிலோ எடையுள்ள பருந்து அந்த வேகத்தில் எஞ்சினுக்குள் போனால் பருந்தும் மிஞ்சாது, எஞ்சினும் மிஞ்சாது. அவர் சேர்ந்த மூன்றாம் மாதமே அப்படி ஒன்று நடந்தது. காலையில் ஓடுபாதையைப் பார்க்க நடந்து வந்தபோது, "என்னங்க, இன்னிக்கு உங்க ஆளுங்க எப்படி?" என்று சிரித்துக்கொண்டே பறவைகளை விசாரித்துவிட்டுப் போன விமானி, மத்தியானம் இல்லை. புல்வெளியில் அந்த இடம் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகுதான் பச்சையானது. அன்றிலிருந்து முனைக்காரர் அந்த மூன்று வார்த்தையையும் விளையாட்டாகச் சொன்னதே கிடையாது.

"கோபுரம், முனை பேசுறேன். நிலவரம் லேசு."

"முனை, கோபுரம். குறிச்சாச்சு."

அந்தக் 'குறிச்சாச்சு' ஓர் அம்மாவுடைய குரல். முகம் தெரியாது. கோபுரம் தளத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. முனைக்காரருடைய அடையாள அட்டையில் அங்கே போக அனுமதி இல்லை. ஆனால் குரல் தெரியும். மழைக்காலத்தில் அது கொஞ்சம் கட்டிப்போகும். சில நாள் 'குறிச்சாச்சு' இழுத்துக்கொண்டு வந்தால் ராத்திரி தூங்கவில்லை என்று அர்த்தம். நாளைக்கு எட்டுத் தடவை. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. மகள் தூரதேசத்தில், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்பாள், அதற்குள் பேரன் அழுவான். மற்ற நாட்களில் அவரைப் பார்த்து உலகம் பேசுவது எல்லாம் எட்டுக் குறிச்சாச்சும், வாசலில் காவலாளி கேட்கிற "அட்டை எங்க?"வும்தான்.

ஒரே ஒரு தடவை அவர் தவறினார். மனைவியின் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள். மத்தியான நிலவரம் சொல்லிவிட்டு, கை பொத்தானை விடுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சாப்பிட்டீங்களாம்மா?"

கோபுரம் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மூன்று பக்கத்துக்கு ஓர் ஓலை வந்தது. 'கோபுரப் பணியாளர் உணவு உட்கொண்டாரா இல்லையா என்பது பறவை நிலவரத்தின் எந்த வகைப்பாட்டில் அடங்கும் என்பதை ஏழு நாட்களுக்குள் விளக்கவும்.' எந்த வகைப்பாட்டிலும் அடங்காது, மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்றே வார்த்தை.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓடியிருக்கும். புதுத் தளபதி வந்து சேர்ந்தார்.

புதுத் தளபதிக்கு ஒரு கேடயத்தின் மேல் கண். எந்தத் தளத்தில் வருடத்துக்குக் 'கடுமை' நாட்கள் குறைவோ, அந்தத் தளத்துக்குத் தலைமையகம் 'பறவையற்ற தளம்' என்று ஒரு பித்தளைக் கேடயம் கொடுக்கும். நாற்பது கல் தள்ளியிருந்த பக்கத்துத் தளம் இரண்டு வருடமாக அதை வைத்துக்கொண்டு ஆட்டம் போட்டது. தளபதி பதவியேற்ற அன்றே அத்தனை பேரையும் வெயிலில் நிறுத்திப் பேசினார்.

"பறவை என்பது ஒரு மனநிலை! எதிரியின் ரேடாருக்கு அஞ்சாத நாம் ஒரு காக்கைக்கு அஞ்சலாமா? கடுமை என்ற சொல்லே நம் அகராதியில் இருக்கக்கூடாது. சொல் இல்லாத இடத்தில் பொருள் எப்படி இருக்கும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிய சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்து போயின. தளபதி அதைக் கவனித்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

அவருக்குக் கீழே விமானப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர். வாரத்துக்கு நாலு சுற்றறிக்கை போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்பதால் சுற்றறிக்கை என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. முதல் சுற்றறிக்கை ஒரு வாரத்தில் முனைக்கு வந்தது. இனிமேல் கடுமை என்று சொல்வதற்கு முன்னால், பறவையின் இனம், எண்ணிக்கை, உயரம், திசை, வருகையின் நோக்கம் ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பி, நேரில் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு அனுப்பி, ஒப்புதல் வந்தபிறகே சொல்லவேண்டும்.

முனைக்காரர் ஒரு தடவை நிரப்பித்தான் பார்த்தார். நோக்கம் என்ற இடத்தில் 'பூச்சி தின்ன' என்று எழுதினார். 'இத்தகவல் பறவையிடமிருந்து நேரடியாக உறுதி செய்யப்பட்டதா?' என்ற குறிப்போடு படிவம் திரும்பி வந்தது. சரி, சாட்சிக்கு என்ன செய்வது என்று வாசலில் சுற்றறிக்கையை மடக்கிக் கேட்டார்.

"ஐயா, அங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன். சாட்சிக்கு எங்க போவேன்?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் சுற்றறிக்கை பொறுமையாக. "ஒரே ஒருத்தருக்குத் தெரியிற பறவை எப்படிக் கடுமையாகும்? நாலு பேருக்குத் தெரியணும். அப்பத்தான் அது பறவை. இல்லைன்னா அது உங்க அபிப்பிராயம்."

ஆக, கடுமை செத்துப்போயிற்று. ஆனால் பருந்துகளுக்குச் சுற்றறிக்கை போகவில்லையே. நிஜமாகவே கூட்டம் கூடிய நாட்களில் முனைக்காரர் பொத்தானை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, கல்லைத் தூக்கிப் போடுகிற மாதிரிச் சொல்வார்: "நிலவரம்... நடுத்தரம்." அந்தப் பக்கத்திலிருந்து, "குறிச்சாச்சு" என்று அதே கனத்தோடு வரும். அடுத்த அரை மணி நேரத்துக்கு ஓடுபாதையைக் கூட்டிப் பெருக்குகிறார்கள் என்றோ, விளக்கைச் சோதிக்கிறார்கள் என்றோ கோபுரம் ஏதாவது சொல்லி விமானங்களைப் பிடித்துவைக்கும். யாரும் பெருக்கமாட்டார்கள். முனைக்காரர் அறை வாசலில் நின்று அந்தக் காலியான ஓடுபாதையைப் பார்ப்பார். அவர் சொன்னது ஒருவருக்குப் புரிந்திருக்கிறது. அந்த நாட்களில் வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் லேசாக மிதிபடும்.

சுற்றறிக்கைக்கு நடுத்தரமும் உறுத்த ஆரம்பித்தது. இது ராணுவத் தளம். அனுமதி இல்லாமல் உள்ளே வருகிற எதுவும் ஊடுருவல். ஆகவே பறவை வந்தது என்று சொல்வது பாதுகாப்பு மீறலை ஒப்புக்கொள்வது. காவல் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள்.

"எந்த வழியா உள்ள வந்துச்சு?"

"மேல வழியாங்க."

"வேலிக்கு மேலயா?"

"ஆமாங்க."

அவர்கள் அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் தளத்தைச் சுற்றி வேலியை நாலடி உயர்த்தினார்கள். அதோடு முனைக்காரருடைய தகரக் கூரைமேல், வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பெரிய எழுத்தில் 'தடைசெய்யப்பட்ட பகுதி. அனுமதியின்றி நுழைவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். வெள்ளையில் சூடு குறைவு போலிருக்கிறது. மத்தியானங்களில் இரண்டு பருந்துகள் வந்து அந்த 'நடவடிக்கை'மேல் உட்கார்ந்து இறகு கோதின. தகரத்தில் நகம் கீறுகிற சத்தம் கேட்கும்போது முனைக்காரருக்குக் கொஞ்சம் துணையாகக்கூட இருந்தது, பாவம், பொய் சொல்வானேன்.

கேடயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. தலைமையகத்துப் பெரிய அதிகாரி ஒருவர், ஐந்து பேர் பரிவாரத்தோடு, கேடயத்தைத் தானே விமானத்தில் கொண்டுவந்து இறங்கி, தளத்தைச் சுற்றிப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவார். தளம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். கல்லுக்கெல்லாம் சிவப்பும் வெள்ளையும் பூசினார்கள். அதுவரைக்கும் முனைக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஓடுபாதைக்கு இரண்டு பக்கமும் புல்லை ஒட்ட வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும்தான், பதினோரு வருடத்தில் முதல்தடவையாகத் தலைமைக் கட்டிடத்துக்கு நடந்தார். இரண்டு மணி நேரம் நிற்கவைத்துப் பிறகு உள்ளே விட்டார்கள். தளபதி மேஜைக்குப் பின்னால். பக்கத்தில் சுற்றறிக்கை.

"ஐயா, புல்ல வெட்டாதீங்க. ஒரு சாணுக்கு மேல புல் நின்னா கொக்கும் மைனாவும் எறங்காது. உள்ள என்ன ஒளிஞ்சிருக்கோன்னு பயம். ஒட்ட வெட்டினா பூச்சியும் எலியும் வெளிய வந்துரும். பந்தி விரிச்சு வெச்ச மாதிரி. அதத் தின்ன அத்தனையும் வரும், மேல பருந்தும் வரும். நம்ம கையேட்டுலயே ஒரு சாண்னுதான் போட்டிருக்கு."

தளபதி தொப்பியைக் கழற்றித் தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

"இதப் பாருங்க. ஒட்ட வெட்டியிருக்கேன். முடி வெட்டாதவன் எவனையும் நான் தளத்துக்குள்ள விடறதில்லை. முப்பது வருஷமா விட்டதில்லை. புல்லுக்கு மட்டும் என்ன சலுகை? அது என்ன எனக்கு மாமனா மச்சானா?"

"ஐயா, அன்னிக்கு விமானம் எறங்குது..."

"எறங்கும். பத்து மணி நாப்பது நிமிஷத்துக்கு எறங்கும்" என்ற சுற்றறிக்கை, பளபளப்பான தாள் ஒன்றை நீட்டினார். நிகழ்ச்சி நிரல். பத்து முப்பத்தாறுக்கு நேராக அச்சடித்திருந்தது: 'பறவை நிலவரம் அறிவிப்பு: லேசு. அறிவிப்பவர்: முனைக்காரர்.'

"நான் இன்னும் பாக்கவே இல்லையேங்க."

"பாக்கணும்னு இதுல எங்க போட்டிருக்கு? சொல்லணும்னுதானே போட்டிருக்கு."

தளபதி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியபோதுதான் பயமாக இருந்தது. "இந்தக் கேடயம் எனக்கு வேணும். வேற வார்த்தை ஏதாவது வந்துச்சு, அதுதான் நீங்க அந்த வயர்லெஸ்ல பேசற கடைசி வார்த்தை. முனையைப் பூட்டிருவேன். நிம்மதியா வீட்ல இருங்க."

வீடு. வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அது மணிக்கொருதரம் அடிக்கும். அதற்குக் 'குறிச்சாச்சு' என்று சொல்ல ஆள் கிடையாது. முனைக்காரர் நிகழ்ச்சி நிரலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் நாலு இயந்திரம் புல்லை வெட்டியது. மறுநாள் காலையில் முனைக்காரர் வந்தபோது ஓடுபாதை சவரம் செய்த கன்னம்போல இருந்தது. ஏழு மணிக்கு மைனாக்கள் வந்தன. எட்டு மணிக்குக் கொக்குகள், வரிசையாக. ஒன்பதரைக்கு மேல், வெயில் ஏறிச் சூட்டுக்காற்று எழும்ப ஆரம்பித்ததும், பருந்துகள். ஒன்று, மூன்று, பத்து. பத்தேகாலுக்கு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். விமானம் இறங்குகிற பாதைக்கு நேர் மேலே, புகை சுழல்கிற மாதிரி ஒரு பெரிய சுழி.

விரட்டலாம் என்றால், துப்பாக்கித் தோட்டாக்களை முந்தின நாளே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். விருந்தினர் காதில் வெடிச்சத்தம் விழக்கூடாதாம். பறவைகளை மிரட்டும் ஒலியைப் போடுகிற ஒலிபெருக்கிகளையும் விழாப் பந்தலுக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதிலிருந்து தளபதியின் குரல் காற்றில் மிதந்து வந்தது. "இந்த வானம்... தூய்மையான வானம்... ஒரு சிறகும் படாத வானம்..." முனைக்காரர் தகர டப்பாவை எடுத்துக் கம்பால் தட்டிக்கொண்டே புல்வெளியில் ஓடினார். அறுபது வயது நெருங்குகிற கால்கள். கொக்குகள் பத்தடி தள்ளி உட்கார்ந்தன. பருந்துகள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கிழக்கே ஒரு புள்ளி மின்னியது. விமானம். ஆறு பேர், ஓட்டுகிறவரோடு ஏழு. வயர்லெஸ் கூப்பிட்டது.

"முனை, கோபுரம். நிலவரம் சொல்லுங்க."

அவர் பையிலிருந்த தாளைத் தொட்டார். லேசு. ஒரே வார்த்தை. சொன்னால் நாளைக்கும் இந்தக் குரல் வரும், நாளை மறுநாளும் வரும். ஒருவேளை பருந்துகள் விலகிப் போகலாம். ஒருவேளை விமானம் தப்பிக்கலாம். சொல்லாவிட்டால் வீடு, கடிகாரம், ஞாயிற்றுக்கிழமை மாத்திரை.

'என்னங்க, இன்னிக்கு உங்க ஆளுங்க எப்படி?' என்று எங்கிருந்தோ காதில் விழுந்தது.

"கோபுரம், முனை பேசுறேன். நிலவரம் கடுமை."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"கடுமைம்மா. நூறு பருந்துக்குக் குறையாது. எறக்காதீங்க. தயவுசெஞ்சு எறக்காதீங்க."

அவள் குரலுக்குப் பின்னால் சுற்றறிக்கை கத்துவது வயர்லெஸ்ஸிலேயே கேட்டது. "லேசுன்னு குறிங்க! நிரல்ல லேசுன்னு இருக்கு! நான் சொல்றேன், லேசுன்னு குறிங்க!"

"முனை, கோபுரம்" என்றது குரல், கொஞ்சமும் நடுங்காமல். "கடுமை. குறிச்சாச்சு."

விமானம் மூக்கைத் தூக்கியது. எஞ்சின் இரைச்சலில் தகரக் கூரை அதிர, அது சுழியை எட்டுவதற்கு முன்பே வளைந்து, ஏறி, மேற்கே போய்ச் சின்னதாகி மறைந்தது. முனைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் அவர் கூப்பிட்டுப் பார்த்தார். கோபுரத்திலிருந்து வேறு யாரோ ஓர் ஆண் குரல், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றது.

விமானம் பக்கத்துத் தளத்தில் இறங்கியது. பெரிய அதிகாரிக்குப் பசி. அவர்கள் நல்ல சாப்பாடு போட்டார்கள். கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போவது நன்றாக இருக்காது என்று அங்கேயே கொடுத்துவிட்டார். அந்தத் தளத்தில் அந்த வருடம் கடுமை நாட்கள் நாற்பத்தொன்று. பாராட்டுரையில், 'நாங்கள் இறங்க முடிந்த தளம்' என்று எழுதினார்கள்.

பத்து நாள் கழித்து விசாரணை. அறைக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு. ஏற்கெனவே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நரை ஓடிய தலை, கனத்த கண்ணாடி, மடியில் ஒரு சாப்பாட்டுப் பை. முனைக்காரர் ஓரமாக உட்கார்ந்தார். சாட்சிகள் ஒருவரோடொருவர் பேசக்கூடாது என்று சுவரில் தாள் ஒட்டியிருந்தது. இருபது நிமிடம் இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். கணக்குப் பிரிவோ, சாமான் அறையோ, யாரோ இவரும் நம்மைப்போல மாட்டிக்கொண்டவர் என்று முனைக்காரர் நினைத்துக்கொண்டார். அந்த அம்மாளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"அவர் சொன்னார். நான் குறிச்சேன்" என்றது உள்ளே ஒரு குரல்.

முனைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். பதினோரு வருடம். நாளைக்கு எட்டுத் தடவை. இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்து அடையாளம் தெரியவில்லை. ஒரு வார்த்தை, ஒரு தும்மல், ஏதாவது வந்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அந்த அம்மாள் வெளியே வந்தபோது இவரை நிமிர்ந்து பார்த்தார். "அடுத்து முனைக்காரர்!" என்று சேவகன் கத்தியபோது கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் விரிந்தன. அதற்குள் ஒருவரை வெளியேயும் ஒருவரை உள்ளேயும் தள்ளிவிட்டார்கள்.

"கடுமைன்னு சொன்னீங்க" என்றார் தளபதி. "பறவை எங்கே?"

"வானத்துல இருந்துச்சுங்க."

"இப்ப எங்கே?"

"போயிருச்சுங்க. பத்து நாளாச்சே."

"குறிச்சுக்கோங்க, பறவையை ஒப்படைக்க முடியவில்லை. விமானத்துல மோதுச்சா?"

"இல்லைங்க. அதான் எறக்க வேணாம்னு..."

"மோதலை. சரி. மோதியிருந்தா இறகு இருந்திருக்கும், ரத்தம் இருந்திருக்கும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உங்க பேச்சு உண்மைன்னு நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த வாய்ப்பை நீங்களே கெடுத்துட்டீங்க."

"ஐயா, ஓட்டினவரே பாத்தேன்னு எழுதிக் குடுத்திருக்காராமே?"

சுற்றறிக்கை வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். "குடுத்திருக்கார். ஆனா பறவை மோதல் படிவம்னுதான் நம்மகிட்ட இருக்கு. மோதாத பறவைக்குப் படிவம் இல்லை. படிவம் இல்லாததைக் கோப்புல சேக்க முடியாது. கோப்புல இல்லாததை நான் எப்படிப் படிச்சேன்னு சொல்றது?" பிறகு ஒரு பழுத்த தாளை எடுத்தார். "இவர்மேல ஏற்கெனவே ஒரு குற்றச்சாட்டும் இருக்கு. வயர்லெஸ்ல சாப்பாடு விசாரிச்சிருக்கார்."

தீர்ப்பு அரைப் பக்கம்தான். மோதல் நிகழவில்லை, ஆகவே பறவை இல்லை, ஆகவே எச்சரிக்கை பொய். கோபுரத்து அம்மாள் அடித்தளத்தில் உள்ள பழைய கோப்பு அறைக்கு மாற்றப்பட்டார். முனைக்காரரை வீட்டுக்கு அனுப்பத்தான் தளபதி நினைத்தார். ஆனால் அந்தப் பதவியை ரத்து செய்யப் பறவைக் குழு பரிந்துரைக்கவேண்டும். பறவை இல்லாத தளத்தில் பறவைக் குழு எப்படிக் கூடுவது என்று ஒரு சந்தேகம் கிளம்பிவிட்டது. ஆகவே கூரையில் எழுதிய அறிவிப்பைப் பாதுகாக்கும் பொருட்டு அவர் அதே அறையில் இருக்கலாம், ஆனால் பேசக்கூடாது.

நிலவரத்துக்குப் புதுசாக ஒரு ஏற்பாடு. ஒலிப்பதிவு அறைக்கு முனைக்காரரையே கூட்டிப்போனார்கள். ஒலிவாங்கியின் முன்னால் நிற்கவைத்து, "கோபுரம், முனை பேசுறேன். நிலவரம் லேசு" என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சந்தோஷமாச் சொல்லுங்க" என்றான் பதிவாளன்.

ஆறாவது தடவை சரியாக வந்தது. அதைத்தான் இயந்திரத்தில் ஏற்றினார்கள். பதிலுக்குச் சுற்றறிக்கை தன் குரலையே பதிந்து கொடுத்தார். வயர்லெஸ்ஸில் பேசும் பொத்தானை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கேட்கலாம்.

அதற்குப் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று சொன்னால் யாருக்கும் நெஞ்சு கனக்கும். மணிக்கொருதரம் அந்தத் தகர அறையில் முனைக்காரருடைய குரலே, சந்தோஷமாக, நிலவரம் லேசு என்கிறது. வெளியே பருந்து வட்டமிடுகிறது. "ஓகோ, ரொம்ப நல்லது. குறிக்கப்பட்டது" என்கிறது சுற்றறிக்கையின் குரல். பெருமழை கொட்டிய ஒரு நாளிலும், தளத்துக்கு விடுமுறையான ஒரு நாளிலும்கூட அவை இரண்டும் பேசிக்கொண்டன. நடுவில் முனைக்காரர், தன் குரலுக்கு இருக்கிற துணைகூடத் தனக்கு இல்லாமல், நாற்காலியில். ஒருநாள், "அப்படி இல்லடா, பொய் சொல்லாதடா" என்று வயர்லெஸ்ஸைப் பார்த்துத் திட்டினார். பிறகு வெட்கமாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள் பத்து மணிக்கு ஒரு சத்தம் கேட்டு நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். சுவரில் இருந்த கறுப்புப் போன். தூசி துடைத்த கைதான், எடுக்கத் தெரியாமல் தடுமாறியது.

"முனைங்களா?"

"முனை... முனைதாம்மா பேசுறேன்."

"கோபுரம் இல்லைங்க. பழைய கோப்பு அறை. இங்கயும் ஒரு கறுப்பு போன் கெடக்கு, யாரும் கழட்டலை. அன்னிக்கு விமானம் ஓட்டினவர் இப்ப இங்கயே மாறி வந்துட்டார். காலைல படி எறங்கி வந்தார். 'உண்மையான நிலவரம் யாருகிட்டம்மா கேக்கறது?'ன்னார். நிலவரம் என்னங்க?"

முனைக்காரர் வாசலுக்கு எட்டிப் பார்த்தார். கயிறு எட்டவில்லை. போனைத் தொங்கவிட்டு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"நடுத்தரம்."

"குறிச்சாச்சு."

அன்றிலிருந்து விமானிகளுக்குப் பழைய கோப்புகளில் திடீரென்று ஆர்வம் வந்துவிட்டது. பறப்பதற்கு முன்னால் ஒவ்வொருவராகப் படி இறங்கிப் போய்விட்டு வருவார்கள். சில நாட்களில் நாலு பேருக்கு ஒரே சமயத்தில் வயிற்றுவலி வரும், அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். ஒரு விமானமும் ஒரு பறவையும் மோதவில்லை. வருட முடிவில், கடுமை நாள் பூஜ்ஜியம், மோதலும் பூஜ்ஜியம் என்று கேடயம் வீடு தேடி வந்தது. அது இந்தத் தடவை லாரியில் வந்தது, புத்திசாலித்தனம்.

விழா அன்று காற்று முனைப் பக்கம் அடித்தது. ஒலிபெருக்கியில் தளபதி முழங்கினார். "ஓர் இயந்திரம் சாதித்தது! மனிதன் தயங்குவான், பார்ப்பான், சந்தேகப்படுவான். இயந்திரத்துக்கு அந்தப் பலவீனம் இல்லை. அது வெளியே பார்ப்பதே இல்லை!" கைதட்டல் அடங்க ரொம்ப நேரமானது.

விழாவுக்காக மறுபடியும் புல்லை வெட்டியிருந்தார்கள். பருந்துகள் சுழிபோட ஆரம்பித்திருந்தன. பன்னிரண்டு மணிக்குக் கறுப்புப் போன் அடித்தது.

"நிலவரம்?"

"கடுமைம்மா."

"குறிச்சாச்சு. எல்லாருக்கும் சொல்லிர்றேன்."

வழக்கமாக அதோடு வைத்துவிடுவார். இன்றைக்கு 'டொக்' சத்தம் வரவில்லை. முனைக்காரர் காதில் வைத்தபடியே நின்றார்.

"முனை."

"சொல்லுங்கம்மா."

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு கேட்டீங்க. அன்னிக்கு அதிகாரி பின்னாலயே நின்னாரு. பதில் சொல்ல முடியலை." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னிக்குச் சாப்பிடலைங்க. இன்னிக்கும் இன்னும் சாப்பிடலை. நீங்க சாப்பிட்டீங்களா?"

முனைக்காரருக்குக் கண் கரித்தது. சொல்லிக்கொள்ள வெட்கம் என்ன, அழுதேவிட்டார். "இல்லம்மா. இப்பத்தான் டப்பாவைப் பிரிக்கலாம்னு இருந்தேன்."

"அப்பப் பிரிங்க. நானும் பிரிக்கிறேன். போனை வெக்க வேணாம்."

நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு டப்பாவின் மூடியைத் திறந்தார். அந்தக் கோடியில், மண்ணுக்கு அடியில், இன்னொரு மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மேஜையில் வயர்லெஸ் கரகரத்து, அவருடைய குரலிலேயே, சந்தோஷமாக, நிலவரம் லேசு என்றது.

"அது கெடக்குது, விடுங்க" என்றார் அந்த அம்மாள். "நீங்க சாப்பிடுங்க."